இரண்டரை மாதக் குட்டி எல்லோரையும் கடிக்கிறது. அடிக்காமல் நிறுத்த வழி இருக்கிறதா?

மல்லாவிக்காரி | திங்கள் இரவு

வணக்கம். இதுவரை வாசித்துவிட்டுப் போகிற ஆளாகத்தான் இருந்தேன். இன்றைக்குக் கையில் பிளாஸ்ரரோடு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் குட்டியின் பெயர் கறுப்பன். நிறம் மண்ணிறம். பெயர் வைத்தது நாலு வயது மகள், அதனால் அந்த விசயத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை. துணுக்காயில் தெரிந்த வீட்டு ஊர் நாய் போட்ட 5 குட்டிகளில் ஒன்று. 35 நாளில் தூக்கிக்கொண்டு வந்தோம், இப்போது இரண்டரை மாதம்.

பகலில் பரவாயில்லை. பின்னேரம் விளக்கு வைக்கிற நேரம் வந்தால் விசர் பிடித்தது போல வளவைச் சுற்றி ஓடும். பிறகு கணுக்கால், கை, பாவாடைக் கரை, எது அகப்பட்டாலும் பல்லுத்தான். வாசலில் கழற்றிய செருப்பில் மூன்று சோடி இப்போது ஒற்றைச் செருப்பு. போன கிழமை ஒரு கோழிக்குஞ்சு செத்துப்போனது. இன்றைக்கு மகளின் கையில் பல்லுக் கீறிக் கொஞ்சம் இரத்தம் வந்துவிட்டது.

மாமா ஈர்க்குக் கட்டால் மூக்கில் அடிக்கிறார். அடித்தால் இரண்டு நிமிடம் பதுங்கும், பிறகு உறுமிக்கொண்டு முன்னையைவிட மோசமாக வரும். என் வீட்டுக்காரர், இவர், கிளிநொச்சியில் வேலை, சனி ஞாயிறுதான் வீட்டில். நாங்கள் இருப்பது ஊர்க் கடைசி, பின்னால் பற்றைக்காடு. அதனால் "அதைப் பூனைக்குட்டி ஆக்கிப்போடாதே, காவலுக்கு வேணும்" என்கிறார். கடிப்பதை நிறுத்தினால் காவலுக்கு உதவாமல் போய்விடுமா? அதையும் சொல்லுங்கள்.

பரந்தன் பொடியன் | திங்கள் இரவு

அக்கா, மண்ணிறக் குட்டியைக் கறுப்பன் என்று கூப்பிட்டால் அதுக்குக் கோபம் வராதா?

கால்நடைத் தங்கச்சி | திங்கள் இரவு

பகிடியைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. அக்கா, குட்டியின் கதையை நாளைக்குப் பார்ப்போம். முதலில் பிள்ளையின் கை.

காயத்தைச் சவுக்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் என்றால் ஒருவர் வாளியால் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் பூச வேண்டாம். நாளை விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். "எங்கள் வீட்டுக் குட்டிதானே" என்று இருந்துவிடாதீர்கள். தாய்க்கு ஊசி போட்டார்களா, தாயை எது கடித்தது என்று உங்களுக்குத் தெரியாது. சின்னக் குட்டிக்கும் விசர்நோய் (ரேபிஸ்) வரும். அறிகுறி தெரியத் தொடங்கினால் பிறகு மருந்து இல்லை, முதலே போட்டால் முழுதாகத் தடுக்கலாம். ஊசி அரச ஆஸ்பத்திரியில் இலவசம். போட வேண்டுமா, குட்டியை 14 நாள் பார்த்துக்கொண்டிருந்தால் போதுமா என்பதை டொக்டர் சொல்வார்.

குட்டிக்கு இதுவரை என்ன ஊசி போட்டீர்கள்?

மல்லாவிக்காரி | திங்கள் இரவு

கழுவிவிட்டேன் தங்கச்சி. காலையில் போகிறேன். குட்டிக்கு ஒன்றும் போடவில்லை. மூன்று மாதம் முடியட்டும் என்று இருந்தோம்.

தண்ணிமுறிப்பான் | செவ்வாய் காலை

பிள்ளை, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பிழை இல்லை. 40 வருடமாக நாய் வளர்க்கிறேன். 2009இல் கட்டவிழ்த்துவிட்டு வந்த நாயை இன்றைக்கும் கனவில் காண்கிறேன், அதனால் எனக்கு நாய் மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் காட்டுக்கரை நாய்க்குப் பல்லு வேண்டும். எங்கள் பக்கம் யானை வளவுக்குள் வந்து தென்னங்கன்றைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. மாடு களவு போகிறது. படலையில் நின்று வாலாட்டுகிற நாயை வைத்து என்ன செய்வது?

எங்கள் ஐயா குட்டியின் சோற்றுக்குள் செத்தல் மிளகாய் இடித்துப் போடுவார். பகல் முழுக்கச் சங்கிலி, இரவில் அவிழ்த்துவிடுவார். படலைக்குக் கிட்ட ஒருவரும் வரமாட்டார்கள்.

கடிக்கட்டும். வளர அதுவாகவே விடும்.

பரந்தன் பொடியன் | செவ்வாய் காலை

ஐயா, படலைக்குக் கிட்ட ஒருவரும் வராவிட்டால் கலியாண வீட்டுக்கு எப்படிச் சொன்னார்கள்?

தண்ணிமுறிப்பான் | செவ்வாய் காலை

வேலிக்கு வெளியில் நின்று கூப்பிட்டுச் சொன்னார்கள் தம்பி.

அக்கராயன் கனடா | செவ்வாய்

அக்கா, நான் அக்கராயனில் பிறந்தவன், இப்போது ஸ்காபரோவில். இங்கே லாப்ரடோர் ஒன்று வளர்க்கிறேன். இதே பிரச்சினையோடு குட்டி வகுப்புக்குப் போனோம். கூடு ஒன்று வாங்குங்கள், அதற்குள் நித்திரை. றப்பர்ச் சாமானுக்குள் சாப்பாட்டை அடைத்துக் கொடுத்தால் அரை மணித்தியாலம் அதோடு மெனக்கெடும். கடித்தால் "ஆ" என்று குட்டி போலவே கத்துங்கள், விட்டுவிடும். கையில் எப்போதும் சின்னத் தின்பண்டம் வைத்திருங்கள். ஒருபோதும் அடிக்க வேண்டாம், இங்கே அடித்தால் அயலவர் அதிகாரிகளுக்குச் சொல்லிவிடுவார்.

பரந்தன் பொடியன் | செவ்வாய்

அண்ணை, அந்தக் கூட்டின் விலையை இணையத்தில் பார்த்தேன். அந்தக் காசுக்கு இங்கே ஒரு மறியாட்டுக் குட்டியே வாங்கலாம்.

கால்நடைத் தங்கச்சி | செவ்வாய் இரவு

சரி, இப்போது குட்டியின் கதை. கொஞ்சம் நீளமாக இருக்கும்.

கனடா அண்ணை சொன்னதில் அடிப்படை சரி, சாமான்தான் இங்கே வேறு. தண்ணிமுறிப்பு ஐயா சொன்னதில் ஒன்றுதான் எனக்குச் சரி: உங்கள் பக்கத்துக்குக் காவல் நாய் வேண்டும். மிளகாயால் நாய்க்கு வருவது வயிற்றுக் கடுப்பு. வீரம் வராது.

35 நாளில் பிரித்ததுதான் இதில் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போது ஒன்று அளவு மீறினால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். தாயும் பால் கொடுக்கையில் பல்லுப் பட்டால் எழும்பிப் போய்விடும். வாயை எவ்வளவு அழுத்தலாம் என்று குட்டி படிப்பது அங்கேதான். அதற்கு 8 கிழமையாவது கூட இருக்க வேண்டும். கறுப்பன் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன், மிச்சத்தை நீங்கள்தான் படிப்பிக்க வேண்டும்.

எப்படி? கடித்த உடனே கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஓடுகிற சாமானைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம், இழுத்தால் கை ஓணான் ஆகிவிடும். கையைத் தளர விட்டு, ஒரு சொல்லை மட்டும், "போதும்" என்று வைத்துக்கொள்ளுங்களேன், சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு எழும்பித் திரும்பி நில்லுங்கள். பின்னால் வந்து காலைப் பிடித்தால் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். அரை நிமிடம் போதும். பிறகு ஒன்றும் நடக்காதது போல வாருங்கள். ஒரு பின்னேரத்தில் இருபது தரம் செய்ய வேண்டி வரும். அலுப்புத்தான். ஆனால் "பல்லுப் பட்டால் ஆள் போய்விடும்" என்பது அதற்கு விளங்கிவிடும், ஆள் போவதைவிடக் குட்டிக்குப் பெரிய தண்டனை இல்லை. குட்டி போலக் கத்துவது சில குட்டிகளிடம் சரிவரும். சிலது அதைக் கேட்டு இன்னும் துள்ளும். கறுப்பன் எந்தச் சாதி என்று ஒருநாள் பார்த்தால் தெரியும்.

கடிக்க வேறு ஏதாவது இருக்கவும் வேண்டும். குட்டிக்குப் பால்பல் 28. நாலு மாதத்துக்குக் கிட்ட அவை விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்தில் பெரிய பல் 42உம் வந்துவிடும். அதுவரை பல்முரசு தினவெடுக்கும், கடிக்காமல் இருக்க ஏலாது. பழைய பருத்திச் சாரத்தைக் கிழித்து இறுக்கமாக முடிச்சுப் போட்டு, நனைத்து, பிரிட்ஜில் வைத்துக் கொடுங்கள். கரட்டும் கொடுக்கலாம். ஆவணி, புரட்டாதியில் சூப்பிய பனங்கொட்டையைவிட நல்ல விளையாட்டுச் சாமான் கனடாவிலும் கிடைக்காது. ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள், தும்பு கழன்றால் எறிந்துவிடுங்கள். பொச்சுமட்டை வேண்டாம், தும்பை விழுங்கிக் குடலில் அடைத்து வந்த நாயைப் பார்த்திருக்கிறேன். அவித்த கோழி எலும்பும் வேண்டாம், குத்தூசி போல உடையும். பழைய செருப்பு வேண்டவே வேண்டாம். பழைய செருப்புக்கும் நேற்று வாங்கிய செருப்புக்கும் நாய்க்கு வித்தியாசம் தெரியாது. செருப்பைத் தூக்கி மேலே வையுங்கள், அதில் குட்டிக்குப் படிப்பிக்க ஒன்றும் இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்து விசருக்கு என் சந்தேகம் நித்திரை. இந்த வயதுக் குட்டிக்கு ஒரு நாளைக்கு 18 மணித்தியாலத்துக்குக் கிட்ட நித்திரை வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அது கிடைக்காது. நித்திரைக்கு அழுகிற பிள்ளை எப்படிச் சன்னதம் ஆடும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. நாலு மணிக்கு அதைக் கொட்டிலுக்குள் ஒரு சாக்கில் படுக்கவிட்டு, மகளைக் கிட்ட விடாதீர்கள்.

அடி விசயம். உறுமல் என்பது நாய் "வேண்டாம்" என்று சொல்கிற விதம். உறுமியதற்கு அடி வாங்கிய நாய் உறுமுவதைத்தான் விடும். பிறகு சத்தம் போடாமல் கடிக்கும். கையை ஓங்கினால் பதுங்குகிற நாய், நாளைக்கு மகள் தலை தடவக் கை நீட்டினாலும் அடிதான் வருகிறது என்று நினைக்கும்.

மகளுக்கு ஒரு விளையாட்டுப் பழக்குங்கள். குட்டி பாய்ந்தால் கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு பாலைமரம் போல அசையாமல் நிற்க வேண்டும், ஓடக்கூடாது, கத்தக்கூடாது. அது சாப்பிடும்போதும் படுத்திருக்கும்போதும் கிட்டப் போகக்கூடாது. நாலு வயதுப் பிள்ளை இதை மறக்கும். அதனால் பெரிய ஆள் இல்லாமல் இரண்டையும் தனியே விடாதீர்கள், இதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

ஊசிக்கு நாளைக்கே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பார்வோ என்கிற வயிற்றோட்ட வைரஸ் நோய் போன்றவற்றுக்கான ஊசி ஆறு, எட்டுக் கிழமையிலேயே தொடங்குவது. பார்வோ வந்தால் இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும். விசர்நோய் ஊசி மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு வருடாவருடம்.

மல்லாவிக்காரி | புதன் மதியம்

மகளுக்கு ஊசி தொடங்கிவிட்டார்கள். அழவில்லை, "கறுப்பனுக்கும் போடுங்கோ" என்று நேர்ஸிடம் சொன்னாள். நாளைக்கு அவனுக்கும்.

ஒரு விசயம் இப்போதுதான் கவனித்தேன். மாமா காலையில் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு, சாரத்துக்குள் கையை விட்டு ஆட்டிக் குட்டியைக் கடிக்க விடுகிறார். குட்டி உறுமிக்கொண்டு பாய, "அப்படித்தான், பிடி" என்று சிரிக்கிறார். பின்னேரம் அதே குட்டி என்னைக் கடித்தால் ஈர்க்குக்கட்டு! இரண்டையும் செய்வது ஒரே ஆள். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அவருக்கு 71 வயது.

பரந்தன் பொடியன் | புதன்

குட்டியைப் பழக்குவதற்கு முன் மாமாவைப் பழக்க வேண்டும் போல.

பொறுமைக்காரன் | புதன் இரவு

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு சில வருடம் மிதிவெடி அகற்றுகிற வேலையில் இருந்தேன். அதில் கொஞ்சக் காலம் நாய் வைத்திருந்த அணியோடு. அந்த நாய்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வந்தேன்.

வெடிமருந்து மணம் பிடித்தால் அந்த நாய் குரைக்கக்கூடாது, தோண்டக்கூடாது. மணம் வந்த இடத்தில் உட்கார வேண்டும். ஒரு பிழை என்றால் நாயும் போகும், ஆளும் போவான். அப்படிப்பட்ட வேலைக்குப் பழக்கிய நாயை ஒருவர்கூட அடித்து நான் பார்க்கவில்லை. சம்பளம் ஒரு றப்பர் பந்து. சரியாக உட்கார்ந்தால் பந்து வரும், இரண்டு நிமிட விளையாட்டு, பிறகு திரும்ப வேலை. பயந்த நாய் பந்தைப் பார்க்காது, உன் முகத்தைத்தான் பார்க்கும் என்று நாயோடு நடக்கிற அண்ணை சொல்வார்.

தண்ணிமுறிப்பு ஐயாவுக்கு மரியாதையோடு ஒன்று. யானையைக் கண்டு கடிக்கப் பாய்கிற நாய் என்ன செய்யும்? காலுக்குள் போய்ச் சீண்டும், யானை திரும்பினால் ஓடும். எங்கே ஓடும்? வளர்த்தவனின் காலடிக்கு, பின்னால் யானையோடு. கரடி விசயமும் அப்படியே. நமக்கு வேண்டியது தூரத்திலேயே குரைத்து எழுப்பிவிட்டு, கூப்பிட்டால் திரும்பி வருகிற நாய். குரைப்பை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை, வளவு தன்னுடையது என்ற எண்ணம் வளர வளர அதுவாக வரும். கூப்பிட்டால் வருவதைத்தான் படிப்பிக்க வேண்டும், அது அடி வாங்கிய நாய்க்கு வராது.

மாமாவுக்கு ஒரு வழி. "விளையாட வேண்டாம்" என்று சொன்னால் கோபம் வரும். சோறு வைக்கிற பொறுப்பை அவரிடம் கொடுங்கள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இரு" என்று சொல்லி, குட்டியின் பின்பக்கம் நிலத்தில் பட்ட அந்தக் கணத்தில் தட்டைக் கீழே வைக்க வேண்டும். துள்ளினால் தட்டு மேலே போகும். மூன்று நாளில் படித்துவிடும். "என் சொல்லைத்தான் கேட்கிறது" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார் பாருங்கள்.

தண்ணிமுறிப்பான் | வியாழன் காலை

யானைக் கதை உண்மைதான் தம்பி. மறுக்க ஏலாது. ஐயாவின் நாய் ஒன்றும் அப்படித்தான், தனியன் யானையைக் கூட்டிக்கொண்டு கொட்டிலுக்கே வந்தது. ஐயா பாலைமரத்தில் ஏறி விடியும்வரை இருந்தார். மிளகாய்ச் சோறு தின்ற நாய்தான்.

ஆனால் கோழி விசயத்துக்கு உங்களிடம் என்ன மருந்து? ஐயா செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டிவிடுவார், அழுகி விழும்வரை. அதற்குப் பிறகு தொடாது என்பார். உண்மையைச் சொன்னால், அடுத்த மாதம் அதே நாய் பக்கத்து வீட்டுக் கோழியைத் தின்றது.

கால்நடைத் தங்கச்சி | வியாழன்

ஐயா, கழுத்தில் நாறுகிற கோழிக்கும் நேற்றைக்குத் தான் செய்த வேலைக்கும் நாயால் முடிச்சுப் போட ஏலாது. வீட்டுக்குள் மூத்திரம் போனதற்கு மூக்கைக் கொண்டுபோய்த் தேய்ப்பதும் இதே கதைதான். நடக்கிற கணத்தில் தடுத்தால் உண்டு, பிறகு செய்வதெல்லாம் நமது ஆத்திரத்துக்கு.

கோழி விசயத்துக்கு ஒரே வழி, குட்டிக்கு வெற்றி கிடைக்க விடாதது. இரண்டு மூன்று மாதத்துக்குக் கோழி மேய்கிற நேரம் குட்டி நீளக் கயிற்றில் இருக்கட்டும், கயிற்று நுனி உங்கள் கையில். கோழியைப் பார்த்துக் காது நிமிரும், பாய்வதற்கு முன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்த்தால் ஒரு நெத்தலித் தலை. பாய்ந்த பிறகு கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை. கோழிக்குஞ்சைக் கூட்டுக்குள் வையுங்கள், கீச்சிட்டு ஓடுகிற குஞ்சைப் பார்த்துக்கொண்டு சும்மா இரு என்பது குட்டிக்குப் பெரிய சோதனை.

பரந்தன் பொடியன் | வியாழன்

மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஓடுகிற நாய்க்கும் வழி சொல்லுங்கள் அக்கா. வேலைக்குப் போகிற ஒழுங்கையில் ஒன்று தினமும் என்னைத் துரத்துகிறது. நான் இன்னும் வேகமாக ஓடுகிறேன்.

பொறுமைக்காரன் | வியாழன் இரவு

அதனால்தான் துரத்துகிறது. அதன் கணக்கில் ஒவ்வொரு காலையும் அது உன்னைத் துரத்தி வெற்றி பெறுகிறது. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, தேவையென்றால் நிறுத்தி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு சும்மா நில். பெரும்பாலான நாய்க்கு அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாது. உதைக்கக் காலை நீட்டாதே, அதில்தான் விழுகிறார்கள். சொந்தக்காரர் வீட்டில் சொல்லிப் பார், விடிந்ததும் கட்டி வைப்பது அவர்கள் பொறுப்பு.

அக்கராயன் கனடா | வெள்ளி

பனங்கொட்டை என்று வாசித்ததிலிருந்து மனம் சரியில்லை. 22 வருடம் ஆகிறது சூப்பி.

மல்லாவிக்காரி | மூன்று கிழமைக்குப் பிறகு

கணக்குச் சொல்ல வந்தேன். முதல் நாலு நாள் நரகம். "போதும்" என்று சொல்லிச் சொல்லிக் குசினிக்கும் முற்றத்துக்கும் நடந்தே கால் வலித்தது, ஐந்தாம் நாள் பின்னேரம் முன்னையைவிட மோசமாகக் கடித்தான். விட்டுவிடலாம் என்று நினைத்தேன். எட்டாம் நாள் போல வாயை வைத்தான், அழுத்தவில்லை. நான் அசையாமல் நிற்க, தானாகவே எடுத்துவிட்டான். கத்திப் பார்த்ததில் இன்னும் துள்ளினான், அதனால் அதை விட்டுவிட்டோம்.

நாலு மணி நித்திரைதான் பெரிய மாற்றம். இதை முதலே தெரிந்திருந்தால் மூன்று பாவாடை மிஞ்சியிருக்கும்.

மாமா சோறு வைக்கத் தொடங்கினார். பொறுமைக்காரன் அண்ணை சொன்னபடியே நடந்தது. முருகண்டிக்குப் போகிற வழியில் வான் வண்டியில் ஏறியவர்களுக்கெல்லாம் "என்ரை நாய் இரு என்றால் இருக்கும்" என்று சொன்னாராம். ஈர்க்குக்கட்டு இப்போது முற்றம் கூட்ட மட்டும்.

மகள் பாலைமரமாக நிற்கிறாள். சில நேரம் குட்டி இல்லாதபோதும் நிற்கிறாள், குளிக்கக் கூப்பிட்டால்.

தண்ணிமுறிப்பான் | அன்று மாலை

நல்லது பிள்ளை. என்னிடமும் ஒரு குட்டி வந்திருக்கிறது, ஒட்டுசுட்டானிலிருந்து. 8 கிழமை முடியும்வரை தாயோடு விடச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். மிளகாய் போடவில்லை.

மல்லாவிக்காரி | இரண்டு மாதத்துக்குப் பிறகு

கறுப்பனுக்கு ஐந்தரை மாதம். ஊசி எல்லாம் ஒழுங்காகப் போகிறது. முன்பல் எல்லாம் விழுந்து புதிது வந்துவிட்டது. துணி முடிச்சில் ஒரு பால்பல் சிக்கியிருந்தது, மகள் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறாள். கோழி மேய்கிற நேரம் இன்னும் கயிற்றோடுதான், அதில் அவனை நான் நம்பத் தயாரில்லை.

போன சனிக்கிழமை இரவு பின் வேலிப் பக்கம் நின்று விடாமல் குரைத்தான். இவர் ரோர்ச் அடித்துப் பார்த்தால் வாய்க்காலுக்கு அப்பால் ஒரு யானை. கூப்பிட்டவுடன் திரும்பி வந்து இவரின் காலடியில் உட்கார்ந்து, அங்கிருந்தபடியே குரைத்தான். பூனைக்குட்டிக் கதையை இவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

வீட்டில் யாரையும் கடிப்பதில்லை, மாமாவின் சாரத்தைத் தவிர. நாங்கள் கிணற்றடிக்குப் போகிற நேரம் பார்த்து இரண்டு பேரும் சாய்மனைக் கதிரையடியில் இழுபறி. என்னைக் கண்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

பரந்தன் பொடியன் | அன்று இரவு

மாமாவுக்கும் ஒரு துணி முடிச்சு நனைத்துப் பிரிட்ஜில் வையுங்கள் அக்கா.